பன்னிரண்டு பேரும் இருக்கினமோ?

றஜிந்தனின் கதிரை வெறுமையாக இருந்தது. திரையில் மட்டும் றஜிந்தன் இருந்தான்.

போன மாதமே அவன் வேலையை விட்டுவிட்டான். என்றாலும் மாலை ஐந்தரை வீடியோக் கூட்டத்தில் மனேச்சர் வாகீசன் பெயர் கூப்பிட்டபோது, திரையின் பன்னிரண்டு சதுரங்களில் ஒன்றிலிருந்து, அதே நீலச் சேட்டோடு, "ஓம் சேர்" என்றான்.

ஆள் குறைந்தது, கூட்டத்தைப் பார்க்கிற, வேலை தருகிற வெளிநாட்டுக்காரருக்குத் தெரியாமலிருக்கப் பழைய வீடியோவை ஓடவிடுகிறார்கள் என்றுதான் லவீனா முதலில் நினைத்தாள். இங்கே பொய் அவளுக்குப் பழகிவிட்டது. "இது கம்பனியில்லை, குடும்பம்" என்று வாகீசன் சொன்னதை நம்பிக் கொழும்பு வேலையை உதறிவிட்டுச் சுன்னாகத்துக்கு வந்தவள். ஞாயிறு பூசைக்குக்கூட விடாத குடும்பம். "ஏலாது" என்று சொன்னவரோடு ஒரு கிழமைக்குக் கதைக்காத குடும்பம். கோபத்தைவிட, ஏமாந்துபோன வெட்கம்தான் அவளைத் தின்றது. நல்லகாலம், இன்று கடைசி நாள். அப்பா சிமியோன் குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து கீழே நிற்கிறார்.

அவள் திரும்பி அந்த வெறும் கதிரையைப் பார்த்தாள். திரையில் றஜிந்தனும் அவள் பக்கம் திரும்பினான்.

கூட்டம் முடிந்ததும் வாகீசனிடம் போனாள்.

"சேர், றஜிந்தன் விட்டிட்டுப் போயிட்டார்தானே?"

"ஆர் சொன்னது?" வாகீசன் சிரித்தார். "இஞ்சையிருந்து ஒருத்தரும் போறேல்லைப் பிள்ளை. சரி, அப்பா பாத்துக்கொண்டு நிக்கிறார், நீர் வெளிக்கிடும்."

அப்பா வந்திருப்பதை அவள் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கும்போது, கீழ்க்கடையில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளின் புழுங்கல் மணம் இருட்டோடு சேர்ந்து மேலே ஏறி வந்தது, பின்வளவில் ஜெனரேற்றர் இரைந்து இரைந்து ஓய்ந்தது, அந்த ஓய்வுக்குள் மேலே வாகீசனின் குரல் மறுபடி பெயர் கூப்பிடத் தொடங்கியது.

"ஷெரோன்."

"ஓம் சேர்."

"றஜிந்தன்."

"ஓம் சேர்."

"லவீனா."

அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஓம் சேர்."

அவளுடைய குரல்.

ஓடினாள். வாசல். தெரு. வெளிச்சம் மங்கிய பின்னேரம். அப்பா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார், கையில் அவளுடைய ஹெல்மெற். அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். தூசி பட்டதைப்போல அவர் தோளைத் துடைத்துவிட்டுக்கொண்டார்.

அப்பா என்று கத்தினாள். சத்தம் வரவில்லை.

"அப்பா!" மேலேயிருந்து கேட்டது. "நீங்கள் போங்கோ. எனக்கு வேலை முடியேல்லை."

"கடைசி நாளெண்டாய்?"

"இல்லையப்பா. நான் நிக்கப்போறன்."

"சரி பிள்ளை. கவனம்."

அவர் ஹெல்மெற்றைக் கொழுவிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவள் பின்னால் ஓடினாள். அதன் சிவப்புப் பின்விளக்கு சந்தியில் திரும்பி மறைந்தது.

மேல்மாடி யன்னலில் நின்ற லவீனா அதுவரை கையசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, தெருவில் நின்ற இவளைப் பார்த்தாள்.