நாலு மைக்ரான்

கழித்த படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். செவிலிமேட்டில் ஆராய்ச்சிக்காக வாடகைக்கு எடுத்த மாடி வீட்டின் பின்னறை அது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்ததால் காலை பத்தரை மணிக்கும் உள்ளே இருட்டுதான். மைக்ரோஸ்கோப் விளக்கில் சுடும் தூசியின் வாசனையும், பக்கத்து அறையிலிருந்து கசிந்துவரும் உருகிய மெழுகின் வாசனையும், கீழே டவுன் பஸ் திரும்பும்போது மேசைக்குள் ஓடும் மெல்லிய அதிர்வும் அவளுக்குப் பழகியவை. புள்ளி மட்டும் புதிது.

புற்றுநோய்ச் சதையின் படங்களில் பெருகும் செல்களை எண்ணுவது அவள் வேலை. நோயாளிகளின் ஸ்லைடுகளைத் தொடுவதற்கு முன்னால், தினமும் ஒரு காரியம் செய்தாக வேண்டும். நோயில்லாத நல்ல சதை ஒட்டிய சோதனை ஸ்லைடு ஒன்றை அதே இடத்தில் வைத்துப் படமெடுத்து, அதிலிருந்து நேற்றைய படத்தைக் கம்ப்யூட்டரில் கழிப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எதுவும் மிஞ்சாது. திரை முழுக்கக் கறுப்பாகும். கறுப்பு வந்தால் விளக்கும் கேமராவும் சரியாக இருக்கின்றன என்று பொருள். ஒன்றரை வருஷமாகக் கறுப்புதான் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சோதனைச் சதை அவளுடையது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். ஆபத்தில்லாத கட்டி என்று முடிவு வந்தது. அம்மா செத்ததும் கழுத்துக் கட்டியால்தான். அம்மாவின் காகிதத்தில் 'ஆபத்தில்லாத' என்ற வார்த்தை இல்லை. அதனால் வடிவு தன் காகிதத்தை மடிப்புக் கிழியும்வரை படித்தாள். பிறகு, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ரமாமணி நல்ல சதை கொஞ்சம் வேண்டுமென்று கேட்டபோது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கட்டியின் ஓரத்து நல்ல சதை, மெழுகு பிளாக்குக்குள் உறைந்தபடி இந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தது.

"ஊர்ல எல்லாரும் சாமி படத்துல முழிப்பாங்க. நாம உன் கழுத்துல முழிக்கிறோம்மா" என்பார் சாமுவேல். பிளாக்கிலிருந்து சதையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிறவர் அவர். இருபது வருஷக் கை.

தூசி என்று நினைத்து லென்ஸைத் துடைத்தாள். புள்ளி போகவில்லை. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் நான்கு. அப்புறம் எட்டு. பிள்ளையார்பாளையத்து வீட்டில் ராத்திரி படுத்தால், கட்டைவிரல் தானாகக் கழுத்துத் தழும்பைத் தேடிப் போனது. தழும்பு வழவழப்பாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் பதினாறு. வடிவு சாமுவேலைக் கூப்பிட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இன்னாமா இது, முல்லை சிந்தினாப்புல இருக்குது."

"பெருகிக்கினு இருக்குதுண்ணா. நாளுக்கு ரெண்டு மடங்கு."

"ஃபார்மலின்ல ஊறி, மெழுகுல வெந்து, மூணு வருஷம் டப்பாவுல கெடந்த சதை. செத்தது எங்கனா குட்டி போடுமா?"

"அப்போ இது இன்னா?"

"சாயம் திரிஞ்சிருக்கும். எண்ணெய் வுட்டு பெரிய லென்சுல பாத்துடலாம், இரு."

சாமுவேல் ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

வடிவின் தொண்டைக்குள், தழும்புக்குச் சற்றுக் கீழே, குளிர்ச்சியாக ஏதோ ஒரு சொட்டு விழுந்து பரவியது. அவள் இருமினாள். அவர் லென்ஸை எண்ணெயில் படும்வரை இறக்கினார். அதே இடத்தில் ஒரு அழுத்தம்.

"சளி புடிச்சிக்கிச்சா?"

"இல்லண்ணா." பயம்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

பெரிய லென்ஸில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு செல் நடுவில் இடுங்கி, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. மற்றவர்களின் சதையில் தினமும் அவள் எண்ணுகிற உருவம். தப்பே இல்லை.

ஸ்லைடின் மேல் சந்தேகம் வந்தால் அங்கே ஒரே வழிதான்: பிளாக்கிலிருந்து புதிதாக ஒன்றைச் சீவிப் பார்ப்பது. புதியது சுத்தமாக இருந்தால் பழைய ஸ்லைடில்தான் கோளாறு. அவள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். அதிலும் இருந்தால், அம்மாவுக்கு வந்தது அவளுக்கும் வந்துவிட்டது.

"புதுசா ஒண்ணு சீவிக் குடுங்கண்ணா. இப்பவே."

"ஐசுல வெச்சி எடுத்தாத்தான் சீவ வரும். கொஞ்சம் குந்து" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்து அறைக்குப் போனார்.

அவளுக்கும் அது தெரியும். மெழுகு இறுக வேண்டும். எத்தனையோ பிளாக்குகளை அவளே ஐஸில் வைத்திருக்கிறாள். தெரிந்துதான் கேட்டாள். ஆனால் யோசிக்கவில்லை.

இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம். தட்டில் ஐஸ் கட்டிகள் உருளும் சத்தம். பிறகு சாமுவேல் ஏதோ ஒரு சர்ச் பாட்டை முனகத் தொடங்கினார்.

குளிர் வந்தது.

வெளியிலிருந்து வரவில்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. தழும்புக்கு அடியிலிருந்து கிளம்பி, காதுக்கு, தாடைக்கு, மார்பெலும்புக்கு. அவள் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. தோலுக்குக் கீழே ஐஸ்.

அப்போதுதான் புரிந்தது.

"அண்ணா."

காற்று மட்டும் வந்தது. தொண்டை இறுகியிருந்தது. எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. கைகள் இருட்டில் கதவைத் தேடின.

பக்கத்து அறையில் 'டக்'கென்ற சத்தம். பிளாக்கைச் சீவும் மெஷினின் பிடிப்பில் மாட்டிவிட்டார். அவள் கழுத்தை இரண்டு பக்கமும் ஏதோ கவ்வியது. தலையைத் திருப்ப முடியவில்லை.

சக்கரம் சுற்றியது.

சரக்.

முதல் சில சீவல்கள் தடிப்பாக வரும். மேல்பக்கம் சமமாவதற்காக. அவற்றை யாரும் எடுத்து வைப்பதில்லை. குப்பைக்கூடைக்குப் போகும்.

சரக். சரக்.

வலிக்கவில்லை. கழுத்துக்குள் ஏதோ குறைந்தது.

அப்புறம் மெல்லிசு. நாலு மைக்ரான். ஒரு முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. சத்தம்கூட மெல்லிசாகிவிட்டது.

சரக்.

கதவு நிலையைப் பிடித்தாள். வெளிச்சம். சாமுவேலின் முதுகு. வலது கையில் சக்கரம். இடது கையில் தூரிகை. கத்தியிலிருந்து இறங்கும் சீவல்களை ஒன்றோடொன்று ஒட்டியபடியே வெந்நீர்த் தட்டில் படரவிட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா" என்றார், திரும்பாமல். "நாடா அழகா வருது பாரு. தண்ணிதான் ஏனோ செவப்பா ஆவுது."

கையைத் தூக்கினாள். அவர் தோளுக்கு ஒரு சாண் இருந்தது. முழங்கால் மடங்கியது.

"இரும்மா. இன்னும் ரெண்டு சுத்து."

சரக்.

எச்சிலை விழுங்கப் பார்த்தாள். தொண்டையில் எதுவும் அசையவில்லை.

தட்டில், அவள் கண்ணுக்கு நேராக, சிவந்த வெந்நீரின் மேல் மிதந்த பதினோரு சீவல்களும் நடுவில் சுருங்கி, விரிந்து, ஒரே சமயத்தில் எச்சில் விழுங்கின.