அழித்த சைபர்

வணக்கம். எல்லோரும் நலமா? இந்த வெயிலுக்கு மோர் கீர் குடிக்கிறீர்களா? படித்து முடித்ததும், உங்கள் வேலையிடத்தில் இப்படி ஏதாவது நடந்ததுண்டா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்று மதியம் சிவக்குமார் முதலில் கவனித்தது, திரையில் ஒரு வரி நகராமல் நின்றதைத்தான்.

2014 மே மாதம். நெய்வேலி நகரியத்தைத் தாண்டி, முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையில், சாம்பலில் செங்கல் அறுக்கும் ஒரு தனியார் ஆலை. சாம்பலைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட்டை ஓட்டும் ஆபரேட்டர் அவன். அதைக் கிளப்ப அவனே கம்ப்யூட்டரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகள், எழுதியிருந்தான். மூன்றே வரி. சைரன் அடி. ஸ்லீப் 60. மோட்டாரைப் போடு. நடுவில் உள்ள வரிக்கு, அறுபது விநாடி சும்மா இரு என்று அர்த்தம். பெல்ட்மேல் ஏறிச் சாம்பல் வழிக்கிறவர்கள் இறங்குவதற்கான நேரம்.

"ஒரு நாளைக்கு முப்பது தடவ நிக்குது. அரமணி நேரம் வீணா போவுதே சிவா" என்று சூப்பர்வைசர் வைத்திலிங்கம் ஜனவரியில் அலுத்துக்கொண்டபோது, அவன் ஒரு சைபரை அழித்தான். ஆறு விநாடி. காண்ட்ராக்ட் தொழிலாளி குஞ்சிதபாதம் காலைத் தாங்கித் தாங்கி நடப்பவர். ஆறு விநாடியில் அவரால் எழுந்து நிற்கத்தான் முடிந்தது. பெல்ட் இழுத்துப் போனதில் பிழைக்கவில்லை. அதிகாரிகள் வருவதற்குள் சைபர் திரும்ப வந்துவிட்டது. அவர் குடித்திருந்தார் என்று சிவக்குமார் எழுதிக் கொடுத்தான்.

அவர் மனைவி சின்னம்மாள் கேட்டுக்கு வந்தாள். அழவில்லை.

"எம்மா நேரம் வுட்டீங்க சார் எம்புருசனுக்கு?"

"அறுபது செகண்டும்மா. கம்ப்யூட்டர்லயே இருக்கு."

"அது பொய் சொல்லாதா?"

"சொல்லாதும்மா."

"அப்ப அதுங்கிட்டயே வுட்டுடறேன். அதுவே கேக்கட்டும்."

இப்போது திரையில் நின்றுபோயிருந்தது அந்த ஸ்லீப் வரிதான்; அறுபது விநாடி முடிந்து, மூன்று நிமிடமும் ஆகியிருந்தது. சூடேறிய தகரக் கூரையில் சைரனின் ரீங்காரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, ஈரச் சாம்பலின் வாடை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வர, வெளியே இரும்புப் படியில் ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்துக்கொண்டும் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். படியில் யாருமில்லை.

போன் அடித்தது. வைத்திலிங்கம். "எதுனா மாட்டிக்கினு இருக்கும். ஆள ஏத்துய்யா."

சிவக்குமார் வெளியே வந்து பெல்ட்மேல் ஏறச் சொன்னபோது, மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தொழிலாளி சிங்காரவேல் தூக்குவாளியை வழித்துக்கொண்டே சொன்னான்: "நீங்கதான் அறுபது செகண்டு வெச்சிருக்கீங்களே சார். நீங்களே ஏறுங்க."

சிவக்குமார் உள்ளே போய் ஸ்கிரிப்டை நிறுத்தினான். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வைத்திலிங்கத்தின் கையெழுத்து வேண்டும். அரைமணி ஆகும். வாங்கவில்லை. ஏறினான்.

மேலே எதுவும் மாட்டியிருக்கவில்லை. சாம்பலில் ஒரு பள்ளம் மட்டும். ஓர் ஆள் படுத்திருந்த அளவுக்கு. ஓரத்தில் கால் வைத்தான். முழங்கால் வரை உள்ளே போயிற்று. பெல்ட்டில் அத்தனை ஆழத்துக்குச் சாம்பல் இருக்க முடியாது. இழுத்தான். உள்ளே ஏதோ கணுக்காலைப் பிடித்தது.

சைரன் அடித்தது.

"சிங்காரவேலு! ஸ்டாப்ப அமுக்கு!"

கேட்கவில்லை. அறுபது இருக்கிறது. இழு. அறுபது இருக்கிறது.

சைரன் நின்றது.

கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குப் பின்னால், அவன் நாற்காலியில் யாரோ. உடம்பு முழுக்கச் சாம்பல். முகம் இருக்க வேண்டிய இடத்திலும் சாம்பல். அது ஒரு கையைக் கண்ணாடிமேல் விரித்து வைத்தது. ஒவ்வொரு விரலாக மடக்கியது. அவசரமே இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

ஐந்து.

பிறகு மறுகையில் ஒரே ஒரு விரலைத் தூக்கியது.