சாம்பல்மேட்டின் மதிப்பெண்

புதன்கிழமை காலை என்றால் சாம்பல்மேட்டில் பட்டை கட்டும் நாள். தெருமுனையில் நான் மடக்கு மேசையை விரித்ததும் பெண்கள் இடது கையை நீட்டிக்கொண்டு வரிசையில் வந்துவிடுவார்கள். பட்டைக்குத் தாங்குமானி என்று பெயர். அது நாடித்துடிப்பைப் பார்க்கும், பதில் சொல்லும் குரலில் நடுக்கம் இருக்கிறதா என்று கேட்கும், ஒரு பேரிடரை அந்தக் குடியிருப்பு எவ்வளவு தாங்கும் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். அடுத்த புதன் வரை யாரும் கழற்றக்கூடாது.

"இன்னா, ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா, இன்னிக்கு இன்னா கேக்கப்போற?" என்பாள் குணவதி அக்கா. கருவாடு விற்பவள், குப்பத்து மகளிர் குழுவின் தலைவி. நான் முனைவர் பட்ட மாணவி. மதகுத் துறையின் உதவித்தொகையில் இரண்டு வருடமாக இந்தக் குப்பத்தை ஆராய்கிறேன்.

கேள்விகள் எப்போதும் அவையேதான். வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள்? "சமாளிச்சிக்குவோம்." மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டால்? "அதயும் சமாளிச்சிக்குவோம்." தேடி வந்த விருந்தாளியிடம் முடியாது என்று மூக்கால் அழுவது அங்கே கௌரவக் குறைச்சல். எனக்காக வாசலைக் கூட்டி, விளிம்பு உடையாத கோப்பையாகத் தேடித் தேநீர் கொடுத்தார்கள். பதிலும் அந்த உபசாரத்தில் ஒன்றுதான். அதைத் தரவு என்று எழுதிக்கொண்ட முட்டாள் நான்.

போன மாதம் சாம்பல்மேடு தொண்ணூற்றொன்று வாங்கியது. நகரத்திலேயே முதலிடம். நல்ல மதிப்பெண் வந்தால் படகும் பம்பும் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டு, தெரு முழுக்க லட்டு கொடுத்தேன்.

இந்தப் புதன்கிழமை புயல் கரையைக் கடக்கும் நாள். மேசையை விரிக்கும்போதே கைத்திரையில் அறிவிப்பு வந்தது: "ஏரி உபரி நீர் மாலை நான்கு மணிக்குச் சாம்பல்மேடு மதகு வழியாகத் திறக்கப்படும்." என் ஆய்வு நெறியாளரைக் கைபேசியில் அழைத்தேன்.

"சார், இங்க இருநூறு வீடு இருக்கு. தப்பா வந்திருக்கு."

"தப்பில்லம்மா. தாங்குற இடத்துக்குத்தான் தண்ணிய அனுப்பணும். எந்த மதகைத் திறக்கணும்னு மதகுப்பொறி உன் மதிப்பெண்ணைப் பார்த்துதான் முடிவு பண்ணுது. துறை உனக்கு நிதி கொடுத்ததே அதுக்குத்தானே? ஒப்பந்தத்தைப் படிக்கலையா?"

படிக்கவில்லை. உதவித்தொகை கிடைத்த சந்தோஷத்தில் கையெழுத்து மட்டும் போட்டேன்.

பன்னிரண்டு மணி வரை மறுகணிப்பு செய்யலாம். பெண்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உண்மையைச் சொல்லுங்கக்கா. எங்களால முடியாதுன்னு சொல்லுங்க. மதிப்பெண் இறங்கிடும்."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குணவதி அக்கா மட்டும் கேட்டாள்: "நாங்க முடியாதுன்னா, அந்தத் தண்ணி எங்க போவும்?"

திரையைப் பார்த்தேன். "ரெண்டாவது இடத்துல ஓடைக்கரை இருக்கு."

ஓடைக்கரை இவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர். வீட்டுக்கு ஒருத்தி அங்கே இருக்கிறாள். குணவதி அக்காவின் மகள் மரகதம் அங்கே பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகிறது.

"அங்க மாடி வெச்ச வூடு ஒண்ணுகூட இல்லியே," என்றாள் ஒருத்தி. "இங்கயாவது இஸ்கூலு மாடி கீது."

குணவதி அக்கா பட்டை கட்டிய கையை என் முன்னால் நீட்டினாள். "சமாளிச்சிக்குவோம்னு போட்டுக்கோ."

"அக்கா, பொய்யா ஒரு பதிலை நானே போட்டுடறேன்."

"போட்டா எம் பொண்ணு வூட்டுல தண்ணி பூரும். நீ கேள்வியக் கேளு."

கேட்டேன். அவள் நாடி தடதடவென்று அடித்தது. குரலில் மட்டும் நடுக்கம் இல்லை. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்; நாடி குறைத்ததைக் குரல் ஈடுகட்டி, மதிப்பெண் தொண்ணூற்றொன்றிலேயே நின்றது.

நான்கு மணிக்கு மதகு திறந்தது. அதற்குள் குழந்தைகளையும் முடியாதவர்களையும் பள்ளி மாடிக்கு ஏற்றிவிட்டோம். எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்க்க, என் கையில் தன் கைபேசியைத் திணித்துவிட்டு அக்கா கீழே இறங்கிப் போனாள். தெருவில் அப்போது முழங்கால் அளவு தண்ணீர். கால் மணி நேரத்தில் மின்கம்பத்தில் பாதி மூழ்கிவிட்டது.

கைத்திரையில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு வரி. குணவதி அக்காவின் வரி நாடித்துடிப்பைச் சிவப்பில் நூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது. பிறகு நூற்றைம்பது. பிறகு பூஜ்யம். துடிப்பு இல்லை என்றால் கருவிக்குப் பதற்றம் இல்லை என்று அர்த்தம். வரி பச்சையானது. இருட்டுவதற்குள் கீழே மாட்டிக்கொண்டவர்களின் வரிகள் இன்னும் பத்து பச்சையாயின. சாம்பல்மேட்டின் மதிப்பெண் தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது. அந்தத் திரையைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போலிருந்தது. மற்ற வரிகள் அதில்தானே தெரிகின்றன என்று பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் கைபேசி அடித்தது, எடுத்து ஹலோ என்றேன். மரகதம்.

"டாக்டரம்மாவா? இங்க சொட்டுத் தண்ணி இல்லக்கா, நல்லாக்கீறோம். அங்க தொறந்துட்டாங்களாமே? எங்கம்மா எப்பிடிக்கா கீது?"

பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது.

"சமாளிச்சிக்குவாங்கம்மா," என்றேன்.