உச்சந்தலை ஈரம்

புத்தலப்பட்டைத் தாண்டி, சித்தூர் சாலையிலிருந்து பிரிந்து மாந்தோப்புக்குள் போகும் மண் தடத்தின் கடைசியில் இருந்தது அந்த வீடு. மாம்பழக்கூழ் ஆலையில் வேலை கிடைத்த இன்னாசி, கைக்குழந்தையோடு ஒரு மதியம் அங்கே வந்து இறங்கினான். இரண்டு பைகள், தூளி கட்ட ஒரு புடவை. புடவை அவன் மனைவி ஆக்னஸுடையது. பிரசவமான வாரமே அவள் இறந்துபோனாள்.

வீட்டுக்காரி ரத்னம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

"முன்னாடி ஒரு நர்ஸம்மா இருந்துச்சிப்பா. உங்காளுங்கதான். சாவுற வரைக்கும் இங்கியேதான். செவுத்துல சிலுவ மாட்டின ஆணி கூட அப்டியே கீது பாரு."

"நான் சர்ச்சுக்கெல்லாம் போறதில்லம்மா."

"போவலன்னா இன்னா? இன்னாசின்னு பேரு வெச்சிக்கினு வெங்கடாசலபதி ஆயிடுவியா?" என்று சிரித்தாள். "சரேலே, சரி வுடு. பாப்பாவ பகல்ல நான் பாத்துக்கிறேன், நீ வேலைக்குப் போ."

அவனும் ஆக்னஸும் கோயிலை விட்டு விலகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. திருமணம் பதிவு அலுவலகத்தில். குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்பதும் சேர்ந்து எடுத்த முடிவுதான். சந்தியா என்று பெயர் வைத்ததோடு சரி.

மறுநாள் மாலை அவன் திரும்பியபோது குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கினான். உச்சந்தலை நனைந்திருந்தது. வேர்வை என்று துடைத்தான். விரல் சில்லிட்டது. அறையில் தோப்பின் அழுகிய மாம்பழ வாசனை. அதற்கு அடியில், மெல்லியதாக, டெட்டால்.

"குளிப்பாட்டுனீங்களா?"

"தண்ணியே தொடலியேப்பா."

அடுத்த நாளும் அதே ஈரம். உச்சியிலிருந்து பின்மண்டைக்கு ஒரே கோடாக வழிந்திருந்தது. கழுத்தும் சட்டையும் உலர்ந்தே இருந்தன.

அந்தக் கோடு அவனுக்குத் தெரியும்.

தங்காது என்று தெரிந்த குழந்தைக்குப் பங்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். அங்கே இருக்கிறவர் யாரோ அவர் அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் அவன் பார்த்திருக்கிறான்.

"அந்த நர்ஸம்மா..." என்று தொடங்கினான்.

ரத்னம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிரசவம் பாக்கும். பொழைக்காதுன்னு தோணுச்சின்னா கேக்காம கொள்ளாம புள்ள தலையில தண்ணி ஊத்திடும். எங்காளுங்க புள்ளைக்குங்கூட. அது ஊத்தின புள்ள ஒண்ணுகூட தங்கல."

"சாவப்போற புள்ளைக்குத்தான் ஊத்துவாங்க."

"எது மொதல்லன்னு யாரு கண்டா?"

மறுநாள் பொழுது சாயும்போது குழந்தைக்கு உடம்பு கொதித்தது. வாய் உலர்ந்து, கண் செருகியது. அவன் ஆட்டோவுக்கு போன் செய்தான். மழை இறங்கிவிட்டது, தடம் சேறாகிவிட்டது, கொஞ்சம் பொறு என்றான் டிரைவர். ரத்னம்மா அவனைக் கூட்டிவர லாந்தரோடு சாலைக்கு ஓடினாள்.

வீட்டில் அவனும் குழந்தையும்தான்.

சமையலறையில் யாரோ தண்ணீர் மொள்ளும் சத்தம்.

நிதானமான சத்தம். பழகிய கை.

டெட்டால் நெடி மூக்கில் ஏறியது.

மறைக்கல்வி வகுப்பில் உருப்போட்டது எங்கிருந்தோ எழுந்து வந்தது. ஞானஸ்நானம் ஒரே முறைதான். பெற்றுவிட்ட தலைக்கு மறுபடி ஊற்ற முடியாது. நம்பிக்கை இல்லாதவன் ஊற்றினாலும் செல்லும்.

இரண்டு நாள் ஈரமும் வெறும் ஒத்திகைதான் என்று நம்பிக்கொண்டான். அப்படியானால் அந்த நர்ஸ் ஊற்றுவதற்கு முன் அவன் ஊற்றிவிட வேண்டும்.

குழந்தையை அள்ளிக்கொண்டு முற்றத்துத் தொட்டிக்கு ஓடினான். சொம்பை முக்கினான். சாய்த்தான். "சந்தியா, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். பிதா..." வருடக்கணக்காகச் சொல்லாத வார்த்தைகள் தடங்கலின்றி வந்தன. மூன்று முறை ஊற்றினான். பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டான்.

சமையலறைச் சத்தம் நின்றுவிட்டது.

நெற்றி குளிர்ந்துகொண்டு வந்தது. குழந்தை கண்ணைத் திறந்தது. வாசலில் ஆட்டோ வெளிச்சம் விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தான்.

பிறகுதான் தன் கைகளைப் பார்த்தான்.

வலக்கையில் சொம்பு. இடக்கைப் பெருவிரல் இன்னும் குழந்தையின் நெற்றியில்.

குழந்தை தொட்டிக்கு மேலே மல்லாந்து, தொட்டித் தண்ணீர் படாமல், அவன் பிடிக்காமலே நன்றாக ஏந்தப்பட்டு இருந்தது.

கோயிலிலும் அப்படித்தான். ஊற்றும்போது தகப்பன் பிடிப்பதில்லை. ஞானத்தாய்தான் ஏந்துவாள். பெற்றவள் இல்லாமல் போனால் பிள்ளை ஞானத்தாயைச் சேர்ந்தது என்பார்கள்.

சொம்பு கீழே விழுந்தது.

"கொடு," என்றான்.

சந்தியா அவன் தோளுக்கு மேலே யாரையோ பார்த்துச் சிரித்தாள். அவன் இரண்டு கைகளையும் குழந்தைக்கு அடியில் நுழைத்துத் தூக்கப் பார்த்தான்.

ஏந்தியிருந்தவள் கொடுக்கவில்லை.