இடம் மாறிய பெட்ரோல் டேங்க்

போன் அடித்தது.

ஜீப் ஒரு பாறையில் ஏறிக் குதித்த குதியில் அவள் மடியிலிருந்த கைப்பை காலடியில் விழுந்தது. உள்ளேயிருந்து போன் விடாமல் அலறியது.

"எடேன்... காதைக் குடையுது," என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பல் டாக்டர். அவளுடைய கணவர்.

எடுத்தாள். திரையில் 'தையல்காரர்' என்றிருந்தது.

தையல்காரர் இல்லை. ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாத வெல்டர். அந்தப் பெயருக்குள் அவள் ஒளித்து வைத்திருந்த ஆள்.

"வேலை முடிஞ்சுது," என்றது குரல், தணிவாக.

"எ... எந்த வேலை?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. டேங்க் வேலைதான். வாய் வரைக்கும் பெட்ரோல் ஊத்தி அனுப்பியிருக்கேன். சமதளத்துல ஒரு சொட்டு விழாது. செங்குத்தா ஏறினாதான்..."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடுத்த வாரம்னு சொன்னீங்களே?"

"உனக்குத்தான் அவசரமாச்சே. அவர் இன்னிக்கே மலை ஏறறாராம். நீ வீட்டுல காலை நீட்டி உக்காந்து டீ குடி. சேதி தானா வரும்."

"இல்ல... நான் இப்ப..."

சிக்னல் போய்விட்டது.

"யாரு?" என்றார் டாக்டர்.

"தையல்காரர். துணி ரெடியாம்."

"அவசரத்துல தைச்சா பிரிஞ்சுக்கும். போட்டுப் பார்த்து வாங்கு."

சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற மனிதர், விடுமுறை வந்தால் ஜீப்பில் பாறை ஏறுவார். பழைய ஜீப். டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே டேங்க். 'பெட்ரோல் மேல உக்காந்து ஓட்டறது எனக்கு ஆகல. பின்னாடி தள்ளிடு' என்று அவர்தான் வண்டியை வெல்டரிடம் விட்டார்.

தள்ளினான். பின் அச்சுக்கும் பின்னால், சேஸிஸின் இரண்டு சட்டங்களுக்கு நடுவில், கல் அடிக்காமல் கீழே கனத்த தகடு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு வேலை.

ஒரு சின்ன ரப்பர் குழாயைத் தவிர.

டேங்க் மூச்சு விடுவதற்கான குழாய் அது. உயரத் தூக்கிக் கட்ட வேண்டியது. அடுத்த வாரம் வண்டி மறுபடி பட்டறைக்கு வரும்போது, அதைக் குட்டையாக வெட்டி, சைலன்ஸருக்கு மேலே விட்டுவிடுவதாகப் பேச்சு. வண்டி அண்ணாந்தால் பெட்ரோல் பின்பக்கம் சாயும். குழாய் வழியே, கொதிக்கிற சைலன்ஸர் மேல் சொட்டும்...

அப்புறம் விபத்து. அப்புறம் அழுகை. அப்புறம் வெல்டரும் அவளும்.

யோசனை அவளுடையதுதான்.

இன்று காலை, "நீயும் வாயேன்," என்றார் டாக்டர். இன்னும் ஒரு வாரம்தானே நல்ல மனைவியாக இருக்க வேண்டும் என்று ஏறி உட்கார்ந்தாள்.

எமனுக்கு அனுப்பிய வண்டியில் தானே சீட்டுப் பிடித்திருந்தாள்!

"அதோ பாரு," டாக்டர் முகவாயால் காட்டினார்.

பார்த்தாள். பாதை இல்லை, சுவர். மொட்டைப் பாறை நேராக வானத்தைப் பார்த்து நின்றது.

"என்னங்க... எனக்கு மயக்கமா வருது. திரும்பிடலாம்."

"இங்க எங்க திருப்பறது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மேல போய்த்தான் திரும்பணும்."

"அப்ப இறக்கி விடுங்க. நடந்து வரேன்."

"யாரு, நீயா? முதல் மாடிக்கே லிஃப்ட் எங்கன்னு கேக்கறவ!"

"விளையாடாதீங்க. வாந்தி வருது."

"ஜன்னல் பக்கம் திரும்பிக்கோ."

கியர் மாறியது. இன்ஜின் உறுமியது. ஜீப்பின் மூக்கு நிமிர்ந்தது. அவள் முதுகு சீட்டோடு ஒட்டியது. எதிரே கண்ணாடி நிறைய வானம்.

பின்னால் டேங்க்கில் பெட்ரோல் களக்கென்று சாய்ந்தது. கேட்டதா... கேட்ட மாதிரி இருந்ததா?

"ஏங்க, பெட்ரோல் வாசனை வரலையா?"

"பெட்ரோல்ல ஓடற வண்டியில சந்தன வாசனையா வரும்?"

"இல்லீங்க, நிறைய வருது... நிறுத்துங்க."

"ஏற்றத்துல நிறுத்தினா சறுக்கும்மா. இன்னும் கொஞ்சம்தான். நல்லா மிதிக்கிறேன், பாரு."

மிதித்தார்.

அவள் கதவைத் திறக்கப் பார்த்தாள். கீழே பள்ளம் வாயைப் பிளந்திருந்தது. அடைத்தாள். கழுத்துக்குப் பின்னால் அனல் அடிப்பது போலிருந்தது. வெயிலா... தீயா?

"நிறுத்துங்க!" அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "குழாயைக் குட்டையா வெட்டி விட்டிருக்கு... சைலன்ஸர் மேல பெட்ரோல் ஒழுகும்... ரெண்டு பேரும் எரிஞ்சு போயிடுவோம்!"

ஜீப் கடைசி எம்பு எம்பி, உச்சியில் தட்டையான இடத்தில் போய் நின்றது.

டாக்டர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. காற்று மட்டும் பேசியது.

"எந்தக் குழாய்?" என்றார் மெதுவாக.

"டேங்க்ல... மூச்சுக் குழாய்..."

"பெட்ரோல் ஊத்தற மூடி எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது உனக்கு. மூச்சுக் குழாய் தெரிஞ்சுதா?"

அவள் கை கதவுப் பிடியைத் தேடியது.

"ஜீப்ல மலை ஏறற எங்க ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம். டேங்க்ல கை வெச்ச வண்டிய, செஞ்சவன் இல்லாம இன்னொருத்தன் அடியில படுத்துப் பார்த்தாதான் மலைக்கு விடுவோம். முந்தாநாள் படுத்துப் பார்த்தவன் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தான்... எதுவும் பேசல. குழாயைத் தூக்கிக் கட்டிட்டு, நேரா போலீஸுக்குப் போனோம்."

"அப்ப... வண்டி எரியாதா?"

"ஒரு சொட்டுகூட ஒழுகாது. வெல்டர் நேத்துலேர்ந்து ஸ்டேஷன்ல இருக்கான்."

"இப்பதானே போன்..."

"இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்து பேச வெச்சாரு. அவன் உன் பேரைச் சொன்னான். நான் நம்பல. 'என் பொண்டாட்டியையா சொல்றே'ன்னு சட்டையைப் பிடிச்சுட்டேன். போன் வந்ததும் நீ, 'யாரோ டேங்குன்றான், என்னமோ உளர்றான்'னு என்கிட்ட சொல்லியிருந்தா போதும். இந்த ஏற்றமே ஏறியிருக்க மாட்டேன்."

அவர் குரல் லேசாக உடைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நீ தையல்காரர்னே..."

உச்சியின் மறுபக்கம், பாறை நிழலிலிருந்து இன்னொரு ஜீப் வெளியே வந்தது. முன் சீட்டில் காக்கி உடுப்பில் ஒரு பெண். இறங்கி, தொப்பியைச் சரிசெய்தபடி நடந்து வந்தாள்.

டாக்டரின் மனைவி சீட்டோடு ஒடுங்கினாள். இதற்கு முன்னால், தீக்குப் பயந்த பயம் ஒன்றுமே இல்லை.

"கட்டின பொண்டாட்டியை இப்படியா பயமுறுத்திச் சாகடிப்பீங்க? வீட்டுல உக்கார வெச்சு நேராக் கேட்டிருக்கலாமே?"

பல் டாக்டர் இறங்கி வந்து, அவள் பக்கத்துக் கதவை மரியாதையாகத் திறந்துவிட்டார்.

"கேட்டா எந்தப் பல்லும் ஒத்துக்காதும்மா. ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கணும்... சொத்தைதான் கத்தும்."