நாற்பத்தாறாம் நம்பர் பல்

ட்ரிங்... ட்ரிங்...

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெலிபோன் அலறியபோது, 'வலிக்காது' டாக்டர் கண்ணாடி முன்னால் நின்று கண்கலங்கிப் பழகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை அவருக்குப் பல் மருத்துவர் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருது. ஏற்புரையில் எந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும், எந்த இடத்தில் கைக்குட்டை வெளியே வர வேண்டும் என்று ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

ஊசியைக் கையில் எடுத்தால் "வலிக்காது" என்பார். நாற்பது வருடமாகச் சொல்கிறார். இதுவரை ஒரு வாய்கூட அதை நம்பியதில்லை! ஊரில் பாதிப் பேர் அவரிடம் பல்லைக் காட்டியவர்கள். மீதிப் பாதி, காட்டிய பாதியைப் பார்த்துத் தினமும் இரண்டு வேளை பல் துலக்கத் தொடங்கியவர்கள்.

மனைவி போனை எடுத்தாள். கேட்டாள். நீட்டினாள்.

"உங்களுக்குத்தான். போலீஸ்."

"போலீஸா? எதுக்கு?"

"இவ்வளவு நாள் நீங்க வெளியில இருந்ததே எனக்கு ஆச்சரியம். பேசுங்க."

மறுமுனையில் இன்ஸ்பெக்டர். பெண். இஸ்திரி போட்ட குரல்.

"டாக்டர், பாலம் காண்ட்ராக்டர் உங்க பேஷண்ட்தானே?"

"ஆமா மேடம். பதினோரு வருஷமா."

"இனிமே இல்ல."

டாக்டரின் கையிலிருந்த ஏற்புரை நழுவியது.

"கல்குவாரி பக்கத்துல அவர் கார் எரிஞ்சு கெடக்கு. நேத்து காலையில பாத்தோம். உள்ள ஒரு பாடி. மோதிரம் அவரோடது. வாட்ச் அவரோடது. மூஞ்சி யாரோடதுன்னு அந்த நெருப்புக்குத்தான் தெரியும். டி.என்.ஏ. பாக்கலாம்னா அவருக்கு ரத்த சொந்தம்னு ஒரு ஈ எறும்பு இல்ல. அவரோட பல் எக்ஸ்ரே எதாவது உங்ககிட்ட இருக்கா?"

இருக்காவா?!

அந்த எக்ஸ்ரே டாக்டரின் கிளினிக்கில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அசல் தபால்தலை அளவுதான். நாளைய விழா மேடைக்கு அதையே பத்தடி உயரத்துக்குப் பெரிதாக்கி பேனர் அடித்திருந்தார்கள். கீழ்த்தாடை, வலது பக்கம், முதல் கடைவாய்ப்பல். பல் டாக்டர்கள் பாஷையில் நாற்பத்தாறாம் நம்பர். வேரின் நுனி வரைக்கும் வெள்ளை வெளேரென்று மருந்து இறங்கியிருக்கும். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாகப் பதினேழு மாநாடுகளில் பேசியவர் நம் டாக்டர்.

"இருக்கு மேடம்," என்றார். "நானே கொண்டு வரேன்."

*

பிணவறை.

பிரேதப் பரிசோதனை டாக்டர் இளைஞர். எரிந்த தாடையை எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சப் பெட்டியில் செருகி வைத்திருந்தார். பக்கத்தில் டாக்டரின் படத்தைச் செருகினார்.

மூன்று தலைகள் முட்டிக்கொண்டு குனிந்தன.

"முன்வேர் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. இதுலயும் அதே வளைவு," என்றார் இளைஞர். "பின்வேர் நேரா இறங்கி நுனியில லேசா திரும்புது. இதுலயும். மருந்து நிக்கிற இடம்கூட ஒண்ணு. மேடம், நூத்துக்கு நூறு. ரெண்டும் ஒரே பல்."

"அப்ப காண்ட்ராக்டர் கதை முடிஞ்சுது," என்றார் இன்ஸ்பெக்டர். "திங்கக்கிழமை பாலம் இடிஞ்ச கேஸ்ல தீர்ப்பு. ரெண்டு பேர் செத்த கேஸ். நிச்சயம் உள்ள போயிருப்பாரு. ஆள் காலமாயிட்டாருன்னு எழுதிக் குடுத்துடறேன்."

இளைஞர் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பாடப் புத்தகத்துலகூட இப்படி ஒரு வேலைய நான் பாத்ததில்ல. எரிஞ்சும் அசையல."

டாக்டரின் முகம் பூரித்தது. "ஏதோ... கைராசி," என்றார் அடக்கமாக.

அப்போதுதான்...

உள்ளே எங்கோ சுருக்கென்றது.

அவர் படத்தைப் பார்த்தார். பிணத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

காரணம் இதுதான். அந்த எக்ஸ்ரே காண்ட்ராக்டருடையதே அல்ல!

*

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை.

காண்ட்ராக்டரின் நாற்பத்தாறாம் பல்லில் சொத்தை. முதல் எக்ஸ்ரேயில் வேரடியில் கறுப்பாக நிழல். எக்ஸ்ரேயில் கறுப்பு கெட்ட செய்தி. உள்ளே சீழ் குடியிருக்கிறது என்று அர்த்தம். வேருக்குள் தலைமுடி மாதிரி மெல்லிய ஊசியை விட்டு, கெட்டுப்போன நரம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். டாக்டர் ஊசியை விட்டார். வளைவில் திருப்பினார்.

டிக்.

ஊசி உடைந்து நாலு மில்லிமீட்டர் துண்டு வேருக்குள்ளேயே தங்கிவிட்டது!

உலகத்தில் எந்தப் பல் டாக்டருக்கும் நடக்கக்கூடியதுதான். நேர்மையாகச் சொல்லி, வேறு வழி பார்ப்பதுதான் முறை. ஆனால் யாரிடம் சொல்வது? காண்ட்ராக்டர் கட்டியது தானாகவே இடியும். கோபம் வந்தால் மற்றவர்கள் கட்டியதையும் இடிப்பார் என்று பெயர்.

அன்றைக்கே, முதலாளி கிளம்பக் காத்திருந்த டிரைவருக்கும் கன்னத்தில் கை. அவருக்கும் அதே பல். ஓசி வைத்தியம்தானே என்று அவரையும் நாற்காலியில் உட்கார வைத்தார் டாக்டர். பயம் இல்லை, பதற்றம் இல்லை. வேலை தங்கமாக வந்தது.

ஈரம் காயாமல் கிளிப்பில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்றில் உடைந்த ஊசி. இன்னொன்றில் சாதனை.

டிரைவருக்கு யார் பைல் போடுகிறார்கள்? நல்ல படத்தை எடுத்து முதலாளி பைலில் வைத்தார் டாக்டர். "பாருங்க, எப்படி வந்திருக்கு" என்று காட்டினார். காண்ட்ராக்டர் ஊரெல்லாம் பெருமையடித்தார். சங்கத்தின் காதுக்குப் போனது. பொய்க்கு இறக்கை முளைத்து, பத்தடி பேனராக வளர்ந்து நின்றது.

ஆக... இந்த எக்ஸ்ரேயோடு பொருந்துகிற பிணம் டிரைவர்!

காண்ட்ராக்டர் உயிரோடு இருக்கிறார். தன் உயரம், தன் வயசு உள்ள ஒருவரைத் தன் காரில் வைத்துக் கொளுத்திவிட்டு, தீர்ப்புக்கு டிமிக்கி கொடுத்துவிட்டார். பல் எக்ஸ்ரேயைப் பற்றி அவர் யோசித்தே இருக்க மாட்டார். யோசிக்காத அந்த ஓட்டையை, பதினோரு வருடத்துக்கு முன்பே இலவசமாக அடைத்து வைத்திருந்தார் நம் டாக்டர்!

*

வெளியே நடையில் ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"டாக்டர் சார், என்னைத் தெரியுதா? காண்ட்ராக்டர் ஐயாவோட டிரைவர் சம்சாரம்."

டாக்டர் தலையாட்டினார்.

"ஐயா போயிட்டாருன்னு இவருக்கு யாரு சார் சொல்றது? புதன்கிழமை ஐயா சொன்னாருன்னு கிளம்பினவரு. வெளியூர் வேலை, நாலு நாளாகும்னாரு. போன் போகவே மாட்டேங்குது. திடீர்னு வந்து ஐயாவ இந்தக் கோலத்துல பாத்தா தாங்க மாட்டாரு."

"ம்... ம்..."

"உங்களைப் பத்தி அடிக்கடி சொல்வாரு சார். டாக்டர் பாத்த பல்லுதான் என் வாயிலயே நல்ல பல்லும்பாரு. பதினோரு வருஷத்துல ஒரு நாள் வலிச்சதில்லையாம்."

நாற்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே நிஜமான நற்சான்றிதழ் அதுதான்.

டாக்டர் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் உறுதியாகச் சொன்னது. கால்கள் அதைவிட உறுதியாகக் காரை நோக்கிப் போயின. விருது. மேடை. கைக்குட்டை. நாளை ராத்திரி விழா முடிந்ததும் சொன்னால் போதாதா? செத்தவர் எங்கே போய்விடப் போகிறார்?

கார் கதவைத் திறந்தபடி திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் மறுபடியும் நம்பரை அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். யாராவது எடுப்பார்கள் என்பது போல முகத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

டாக்டர் கார் கதவை அறைந்து சாத்தினார்.

*

"என்ன டாக்டர், எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா மேடம். மானத்தை."

சொன்னார். எல்லாவற்றையும். முடிந்ததும் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்த உடைஞ்ச ஊசி எக்ஸ்ரே எங்க?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்னு நெனைக்கிறேன்..."

"நெனைக்காதீங்க. வீட்டுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டார்.

"இந்தா... பழைய எக்ஸ்ரே ஒண்ணு... காண்ட்ராக்டரோடது... நிஜமானது..."

"உடைஞ்ச ஊசிதானே?" என்றது மனைவியின் குரல். "பீரோவுல இருக்கு. நீங்க குப்பையில போட்டீங்க, நான் எடுத்து வச்சேன். கிளினிக்ல எல்லாப் படத்தையும் கழுவி உலர்த்தினதே நான்தானே? எனக்குத் தெரியாதா எது யாரோட பல்லுன்னு?"

"பதினோரு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல..."

"நீங்களா எப்பச் சொல்றீங்கன்னு பாத்தேன். கொண்டு வரேன். சாப்பிட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேடம், வெளியில நிக்கிற அந்தம்மாகிட்ட நானே சொல்றேன்," என்றார் டாக்டர்.

போய்ச் சொன்னார். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக 'வலிக்காது' என்று மட்டும் சொல்லவில்லை.

*

"சரி, காண்ட்ராக்டரை எங்க தேடறது?" என்றார் இன்ஸ்பெக்டர். "மூணு நாள் ஆச்சு. எல்லை தாண்டியிருப்பான்."

"தாண்ட மாட்டான் மேடம். என் வேலை அவனை விடாது."

"புரியல."

"உடைஞ்ச ஊசிக்கு அடியில சீழ் இருக்கு. ஆறு மாசத்துக்கொரு தரம் கன்னம் வீங்கும். சீதோஷ்ணம்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிடுவேன். போன செவ்வாய்க்கிழமைகூட வந்தான். மூணு நாள் மாத்திரைதான் குடுத்தேன். இப்ப மூஞ்சி பூசணிக்காய் ஆகியிருக்கும். எதாவது ஒரு பல் டாக்டர்கிட்ட போய்த்தான் ஆகணும். அவங்க எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆகணும்."

"அப்ப எல்லா டாக்டருக்கும் இந்தப் படம் போகணும்."

"ஆமா..." டாக்டரின் குரல் இறங்கியது. "சங்கத்தோட வாட்ஸ்அப் குரூப் இருக்கு. நானூத்துப் பன்னெண்டு பேர்."

நாளைக்குக் கைதட்டப் போகிற அதே நானூற்றுப் பன்னிரண்டு பேர்!

மனைவி கொண்டுவந்த எக்ஸ்ரேயைப் படம் எடுத்தார். கீழே தட்டினார்: 'காண்ட்ராக்டரின் உண்மையான எக்ஸ்ரே இதுதான். உள்ளே இருக்கும் உடைந்த ஊசி என்னுடையது. பேனரில் இருப்பது வேறொருவர் பல். இந்த ஊசியைப் பார்த்தால் உடனே போலீசுக்குச் சொல்லவும்.'

மலையைத் தூக்கலாம், அந்தக் குட்டி அம்புக்குறியை அழுத்த முடியவில்லை.

"அழுத்துங்க," என்றாள் மனைவி. "ஒரு செகண்டுதான்."

அழுத்தினார்.

முதல் பதில் சங்கத் தலைவரிடமிருந்து: 'நாளைய விழா ரத்து.'

அடுத்த ஒரு மணி நேரம் மயான அமைதி.

அப்புறம்...

டிங்.

'சார், என் நாற்காலியில் இருக்கிறார். அதே உடைந்த ஊசி.' கூடவே எக்ஸ்ரே.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "ஜீப்பை எடுங்க..."

டிங். 'என்னிடமும் இருக்கிறார். உடைந்த ஊசி.' இது வேறு ஊர்!

டிங். டிங். டிங்.

மாலை நான்கு மணிக்குள் பதினான்கு ஊர்களில் பதினான்கு காண்ட்ராக்டர்கள்! பதினான்கு வாய்களில் பதினான்கு உடைந்த ஊசிகள்!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"டாக்டர்... இதெல்லாம் யாரு?"

டாக்டர் தலை நிமிரவில்லை.

"எல்லாம் நம்ம பேஷண்ட்ஸ்தான் மேடம். பெத்த பிள்ளைங்களை அடையாளம் தெரியாதா? இது தலைமையாசிரியர். இது போஸ்ட்மேன். இது லாண்டரிக்காரர். ஆள் செத்தே போயிட்டார்னு நெனச்சேன். இது... ஐயோ. இது நம்ம சம்பந்தி."

மனைவி எட்டிப் பார்த்தாள். "அதான் அஞ்சு வருஷமா நம்ம வீட்டுப் பக்கமே வர்றதில்லையா? நான் பாட்டுக்கு மருமகளைச் சந்தேகப்பட்டேன்."

டிங்.

பதினைந்தாவது படம். துறைமுக ஊர். ஓர் இளம் டாக்டரம்மா. டிரைவர் பல்லைப் போலக் கொக்கி வேர் இல்லை, மூன்று வேர்கள். நடுவேரில் நாலு மில்லிமீட்டர் வெள்ளைத் துணுக்கு. அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கறுப்பு நிழல். மனைவி கொண்டுவந்த படத்தைப் பக்கத்தில் வைத்தார் டாக்டர். அச்சு அசல்.

"இவன்தான்."

*

கப்பல் ஏற ஒரு மணி நேரம் இருக்கும்போது, நாற்காலியில் வாய் பிளந்தபடியே காண்ட்ராக்டர் கைதானார்.

மறுநாள் காலை, விழா நடக்க வேண்டிய நாளில், ஸ்டேஷன் பெஞ்சில் டாக்டரும் மனைவியும் வாக்குமூலம் கொடுக்கக் காத்திருந்தார்கள். உள்ளே காண்ட்ராக்டர். கன்னம் கால்பந்து. வாய் பூட்டு.

"நான் காண்ட்ராக்டரே இல்ல. டிரைவர் யாருன்னே தெரியாது," என்றார் ஐந்தாவது முறையாக. "வக்கீல் வராம பேச மாட்டேன். பல்லு வலி உயிர் போகுது. முதல்ல வைத்தியம் பாருங்க."

"அது உங்க உரிமை," என்றார் இன்ஸ்பெக்டர் கனிவாக. "வெளியூர் டாக்டர் எதுக்கு? உங்க பழைய டாக்டரே வாசல்ல உக்காந்திருக்காரு. பெட்டியோட. கூப்பிடவா?"

காண்ட்ராக்டரின் நல்ல கன்னமும் வெளுத்தது.

"மேடம்," என்றார். "ஒரு பேப்பர் குடுங்க. பேனாவும்."

ஆறு பக்கம்! டிரைவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தது முதல் பெட்ரோல் ஊற்றியது வரை, ஒன்று விடாமல்!

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து கையை நீட்டினார்.

"டென்டல் கவுன்சிலுக்கு உங்களைப் பத்தி நான் ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும் டாக்டர். கிளினிக்கை இழுத்து மூடச் சொல்வாங்க."

"எழுதுங்க மேடம். பதினோரு வருஷம் லேட்டு."

"அதுக்கப்புறம் சும்மா இருக்காதீங்க. கைதிங்களுக்குப் பல் பாக்க எங்க ஜெயில்ல ஆள் இல்ல. நான் சிபாரிசு பண்ணவா?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி குறுக்கே புகுந்தாள்.

"வேணாம் மேடம். என்ன தப்பு பண்ணியிருந்தாலும் அவங்களும் மனுஷங்கதானே."