பதிலுக்கு இரண்டு தட்டு

குளியலறைச் சுடுதண்ணிக் குழாயைத் திருகியதும் தண்ணீர் வரவில்லை. முதலில் ஒரு மூச்சுத்தான் வந்தது. நீளமாக, கரகரப்பாக, யாரோ இறப்பர்க் குழாய்க்குள்ளால் விட்ட மூச்சு. அதன் பிறகே தண்ணீர் விழுந்தது. அதோடு விரலகலத்தில் ஒரு பழுப்பு நாடாவும் வந்து தொட்டிக்குள் சுருண்டது. பேர்ணடெட் அதை எடுத்து மணந்து பார்த்தாள். வெயிலில் காய்ந்து மழையில் அழுகிய கடற்புல்லின் மணம். மன்னாரில் பிறந்தவளுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹில்ஸ்பரோ மேட்டிலிருக்கும் வீட்டுக்குள் கடற்புல் எப்படி வரும்?

குழாய் திருத்துகிறவன் வந்தான். நடையிலுள்ள அலமாரியைத் திறந்து, துவாய்களுக்குப் பின்னால் நின்ற பழைய செம்புச் சுடுதண்ணித் தாங்கியைத் தடவிப் பார்த்தான். உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது, அதுதான் தட்டுகிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

தட்டுவதைப் பற்றி அவள் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் அதுவரை எதையும் கேட்டிருக்கவும் இல்லை.

யூலை மாதம், இந்தத் தென்கோடி நாட்டில் குளிர்காலம். ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை. அந்த மழைக்கும் கீழே, ஆழத்தில், அவளுக்கும் கேட்டது. தொக். தொக். தொக். உடனே மகளின் அறையிலிருந்து, சுவரில் சின்ன விரல்கள் இரண்டு தரம் தட்டின.

"றோஷினி! என்ன பிள்ளை செய்யிறாய்?"

"ஆன்சரிங் டாட்."

அவளுடைய கணவன் அன்றூ மகளுக்குப் பழக்கிவிட்ட விளையாட்டு அது. சுழியோடும்போது தண்ணீருக்கடியில் கதைக்க முடியாது. முதுகிலுள்ள காற்றுச் சிலிண்டரைக் கத்திப் பிடியால் தட்டவேண்டும். மூன்று தட்டினால், எங்கே நிற்கிறாய்? இரண்டு தட்டினால், இங்கே. குளிக்கும்போது அவன் சுவரில் மூன்று தட்டுவான், கட்டிலில் கிடந்தபடி மகள் இரண்டு தட்டுவாள்.

"அன்ட் இஃப் ஐ டோன்ற்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தட்டாட்டி அப்பா தேடி வருவன். அதுதான் சட்டம்."

மே மாதம் தங்கையின் கல்யாணத்துக்கென்று பலெர்மோ போனவன், தம்பி யூட்டோடு கடலில் இறங்கினான். யூட் மட்டும் ஏறி வந்தான். உடல் கிடைக்கவில்லை. இன்னும் தேடுகிறார்கள் என்றுதான் பேர்ணடெட் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது அந்தச் சின்னக் கையைப் பொத்திப் பிடித்தாள். "இனித் தட்டக்கூடாது. விளங்குதோ?"

"தென் ஹீல் கம் லுக்கிங், அம்மா."

குசினிக்குப் போய், அதே நகரில் மவுண்ட் வெல்லிங்டனிலிருந்த யூட்டுக்குப் போன் எடுத்தாள்.

"யூட், அண்டைக்கு என்ன நடந்தது? இண்டைக்கெண்டாலும் முழுக்கச் சொல்லும்."



"ஒரு பக்கம் கல்லுப் பாறை, அண்ணி. மற்றப் பக்கம் முழுக்கப் புல்லு. எங்கட ஊர்ச் சாதாளைப் புல்லு மாதிரித்தான், ஆனா முழங்காலுக்கு மேல. அண்ணன் பாறையோட நிண்டவர். திரும்பிப் பாத்தா ஆளில்லை. தட்டினன்."

"பதில் வந்ததோ?"

"வந்தது. ரெண்டு. தண்ணிக்குள்ள சத்தம் எந்தப் பக்கமெண்டு பிடிபடாது. புல்லை விலக்கி விலக்கித் தேடினன். காத்து முடிய ஏறி, வேற சிலிண்டரோட இறங்கினன். அவற்ற காத்து எப்பவோ முடிஞ்சிருக்கும், அண்ணி. அப்பவும் ரெண்டு. பின்னேரம் பொலிஸோட இறங்கேக்கையும் ரெண்டு."

"பிறகு?"

"பிறகு நான் தட்டேல்லை. அதுவாத் தட்டத் தொடங்கிட்டுது. மூண்டு."

"நீர் பதில் சொன்னனீரோ?"

"இல்லை. அது அண்ணன் தட்டுற மாதிரி இல்லை."

தொக். தொக். தொக்.

"அண்ணி... உங்க ஆர் தட்டுறது?"

மகளின் அறையிலிருந்து பதில் போகவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

"அண்ணி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வாங்கோ. நான் இப்ப வெளிக்கிடுறன்."

மறுபடியும் மூன்று. இம்முறை பலமாக. குசினிக் குழாய் தானாக மூச்சு விட்டது. பாத்திரம் கழுவும் தொட்டியின் நீர் ஒரு தரம் பொங்கி அடங்கியது. பிறகு தட்டுவது நின்றுவிட்டது.

பதில் வராவிட்டால்.

பேர்ணடெட் ஓடினாள்.

கட்டிலில் மகள் இல்லை. போர்வை ஈரம். நடையெங்கும் ஈரம். அலமாரிக் கதவு திறந்திருந்தது. துவாய்கள் நனைந்து சரிந்து கிடந்தன. தாங்கியின் அடியில் ஒரு பள்ளிக்கூடச் சொக்ஸ். அதைச் சுற்றி, பழுப்பாக, நாடா நாடாவாக, புல்.

"றோஷி!"

தொக். தொக். தொக். செம்புக்குள்ளிருந்து.

பதில் வந்தது. அதுவும் செம்புக்குள்ளிருந்து. இரண்டு. மெல்லியவை. அவசரமானவை. சின்ன விரல்கள்.

தாங்கியைக் கட்டிப்பிடித்தாள். கொதிக்க வேண்டியது குளிர்ந்து கிடந்தது. கன்னத்துக்குக் கீழே தகடு அசைந்தது. விலகிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பெரிய உள்ளங்கை செம்பை வெளியே தள்ளியபடி எழுந்தது. அதனருகில் இன்னொன்று. மிகச் சின்னது.

இரண்டு கைகளும் சேர்ந்து தட்டின.

மூன்று.

காத்திருந்தன.

பேர்ணடெட் விரல்களை மடக்கி, கையை உயர்த்தினாள்.